டிவி வரலாறு புத்தகம் வந்தாச்சு, உங்க பரண்ல இருக்கிற கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்னோட புத்தக வெளியீட்டு விழா செய்தியை போட்டோவோட உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, மனசார நன்றி சொல்லிக்கிறேன். தமிழ்நாட்டு டிவியோட வரலாறுன்னு ஒரு புத்தகம் எழுதணும்னு ரொம்ப காலமா ஆசை, அது கையில புத்தகமா வந்து நிக்கிற சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னு தெரியல, அட்டையைத் தடவித் தடவிப் பாத்துட்டு இருக்கேன். உங்க செய்தி வந்த அன்னைக்கு காலைல இருந்தே போன் மேல போன். பாராட்டினவங்க பாதி, மீதிப்பேர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான் சார், "நீங்க எழுதியிருக்கிற அந்தப் பழைய நிகழ்ச்சியை எல்லாம் எங்க பாக்கலாம், டேப் எங்க கிடைக்கும்?" அவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்ல முடியல, அதனால உங்க பேப்பர் வழியா எல்லாருக்கும் சேத்து சொல்லிடலாம்னு இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல விழாவைப் பத்தி ரெண்டு வார்த்தை. சின்ன ஹால் தான், ஆனா வந்தவங்க யாருன்னு பாத்தீங்கன்னா டிவி ஸ்டேஷன்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன கேமராமேன், லைட் போட்டவங்க, மேக்கப் போட்டவங்க, செட்டுக்கு தட்டி அடிச்ச தச்சர், மலை உச்சில டிரான்ஸ்மிட்டர் பாத்துகிட்ட இன்ஜினியர், அப்புறம் தெருத்தெருவா கம்பி இழுத்த கேபிள் ஆளுங்க. மேடையில பேசினவங்க பேசிட்டு இருக்க, கடைசி வரிசைல ஒரு பெரியவர் புத்தகத்தைப் பின்பக்கமா திறந்து, பெயர் அட்டவணைல விரலை வெச்சு வரி வரியா இறங்கிட்டு இருந்தார், தன்னோட பேரைத் தேடறார்னு நெனச்சேன், கிட்ட போய் கேட்டா தன்கூட ஸ்டுடியோ ஃப்ளோர்ல வேலை பாத்து இறந்துபோன நண்பர் பேரைத் தேடிட்டு இருந்திருக்கார். பேரு இருந்துச்சு. அவர் என் கையைப் பிடிச்சுகிட்டதுக்கு மேல எனக்கு வேற விருதெல்லாம் வேண்டாம் சார். டிவி வரலாறுன்னா எல்லாரும் நட்சத்திரங்களைப் பத்தி மட்டும்தான் எழுதறாங்க, இவங்களைப் பத்தி எழுதணும்னுதான் நான் ஆரம்பிச்சதே.

புத்தகம் எங்க தொடங்குதுன்னு கேட்டா நெறைய பேர் ஆச்சரியப்படறாங்க, டெல்லியில இல்ல, தேனாம்பேட்டைல தொடங்குது. 1950ல மெட்ராஸ்ல தேனாம்பேட்டை பக்கம் ஒரு பொருட்காட்சி நடந்தது, அதுல பி.சிவகுமாரன்னு ஒரு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் மாணவர் டிவி மாதிரி ஒண்ணை செஞ்சு காட்டினார், ஒரு எழுத்தை ஸ்கேன் பண்ணி அந்தப் பிம்பத்தை கேத்தோட் ரே டியூப் திரையில விழ வெச்சார். நம்ம நாட்டுல அரசாங்க டிவி தொடங்கறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி இது, மெட்ராஸுக்கு டிவி ஸ்டேஷன் வர இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி! இது எப்படி தெரியவந்துச்சுன்னா, அன்னைக்கு பேப்பர்ல செய்தி போட்டாங்க, அவ்வளவுதான். அந்த செய்தி மட்டும் இல்லைன்னா ஒரு காலேஜ் பையன் இப்படி ஒண்ணு பண்ணினான்கிறதே நமக்குத் தெரியாம போயிருக்கும். இதை நெனச்சா எனக்கு இன்னமும் சிலிர்க்குது.

அப்புறம் கதை எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான். 1959 செப்டம்பர் 15 டெல்லியில யுனெஸ்கோ உதவியோட சோதனை ஒளிபரப்பு, ரேடியோவோட ஒரு பகுதியா, வாரத்துல ரெண்டு நாள் கொஞ்ச நேரம். தினசரி ஒளிபரப்பு 1965ல தான். பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2. மெட்ராஸுக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. எமர்ஜென்சி அறிவிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல, இந்திரா காந்தி மத்தியில, கலைஞர் இங்க முதலமைச்சர், அஞ்சாறு மாசத்துல அந்த ஆட்சியும் கலைக்கப்பட்டுச்சு. அப்படிப்பட்ட நேரத்துல பிறந்தது நம்ம ஸ்டேஷன், அதனால அந்த முதல் வருஷ நியூஸ் எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க எனக்கு அவ்வளவு ஆர்வம். அதே ஆகஸ்ட் மாசம்தான் அமெரிக்காவோட ஏடிஎஸ்-6 சாட்டிலைட்டை இரவல் வாங்கி 2400 கிராமத்துக்கு நேரா டிவி காட்டின சைட் பரிசோதனையும் ஆரம்பிச்சது, ஆறு மாநிலம், ஆந்திரா கர்நாடகா வரைக்கும் வந்துச்சு, தமிழ்நாடு அந்த லிஸ்ட்ல இல்ல. அடுத்த வருஷம் 1976 ஜனவரி 1ல டிவியில விளம்பரம் ஆரம்பம், ஏப்ரல் 1ல ரேடியோல இருந்து பிரிஞ்சு தூர்தர்ஷன்னு தனியா ஆச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். அந்த முதல் வருஷங்களோட சென்னை ஒளிபரப்புல நான் தேடினதுல பெரும்பகுதி எனக்குப் படமா கிடைக்கல. தேடாம சொல்லல சார், அலைஞ்சு திரிஞ்சு, கேக்காத ஆள் இல்ல.

ஏன் கிடைக்கலைன்னு நெறைய பேருக்கு புரியல, அழிச்சுட்டாங்களா, யாரோட சதின்னு கேக்கறாங்க. சதியெல்லாம் இல்லைங்க. அந்தக் காலத்துல பாதி நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு, அதாவது ஸ்டுடியோல நடக்கும்போதே வீட்டுக்கு வந்துடும், முடிஞ்சா முடிஞ்சதுதான், பதிவே கிடையாது. நியூஸுக்கு 16 எம்எம் ஃபிலிம்ல ஷூட் பண்ணி லேப்ல கழுவி அவசர அவசரமா ஓட்டுவாங்க. டேப்ல பதிவு பண்ற நிகழ்ச்சிக்கு வந்தா டேப் விலை கடுமையா இருக்கும், வெளிநாட்டுல இருந்து வரணும், அதனால ஒளிபரப்பி முடிச்சதும் அதே டேப் மேல அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு பண்ணிடுவாங்க. அப்போ யாருக்கும் அது தப்பாவே தோணியிருக்காது, இன்னைக்கு ஒளிபரப்பு நின்னுடக்கூடாது, அதுதான் அவங்க கவலை.

ஒரு ரிட்டயர்ட் நண்பர் வீட்டுல எனக்கு ஒரு யூ-மேட்டிக் கேசட்டைக் காட்டினார், இப்போ இருக்கிற பசங்க பாத்தே இருக்க மாட்டாங்க, நல்ல தடிமனான நோட்டுப்புத்தகம் சைஸ்ல இருக்கும், உள்ள முக்கால் இஞ்ச் அகல டேப். அதோட முதுகுல ஒட்டின லேபிள்ல நீல பால்பாயின்ட் பேனால ஒரு கச்சேரி பேரு, அதை அடிச்சுட்டு கீழ ஒரு நாடகத்தோட பேரு, அதையும் அடிச்சுட்டு கீழ விவசாய நிகழ்ச்சி, அதுக்கும் மேல ஒரு கோடு, ஓரத்துல இடமில்லாம பென்சில்ல பொடி எழுத்துல ஏதோ குழந்தைங்க நிகழ்ச்சி. ஒரே லேபிள்ல நாலு நிகழ்ச்சி சார், உள்ள இருக்கிறது கடைசி ஒண்ணு மட்டும்தான், அதுவும் பூஞ்சை பிடிச்சுப்போய் ஓட்டிப் பாக்கவே பயமா இருந்துச்சு. அந்தக் கச்சேரி யாரோடதுன்னு மட்டும் இங்க எழுத மாட்டேன், படிக்கிறவங்க மனசு ரொம்ப வேதனைப்படும். அந்த லேபிளோட போட்டோவை புத்தகத்துல ஒரு முழுப்பக்கத்துக்குப் போட்டிருக்கேன்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததுன்னு நெனச்சுடாதீங்க, பிபிசியே இதைத்தான் பண்ணினாங்க. 1963ல தொடங்கின டாக்டர் ஹூ தொடர்ல அறுபதுகள்ல வந்த எபிசோடுகள்ல தொண்ணூறுக்கும் மேல இன்னைக்கு வரைக்கும் காணோம், டேப்பை அழிச்சு மறுபடி பயன்படுத்திட்டாங்க. நாசாவைப் பாருங்க, மனுஷன் முதல் முதலா நிலாவுல கால் வெச்சதை நேரடியா பதிவு பண்ணின ஒரிஜினல் டேப்பையே அழிச்சு வேற வேலைக்கு உபயோகிச்சிருக்கணும்னு 2009ல அவங்களே ஒத்துகிட்டாங்க. ஆனா அவங்க அதுக்கப்புறம் என்ன பண்ணினாங்கன்னு பாக்கணும், அங்கதான் நாம கத்துக்க வேண்டியது இருக்கு. டாக்டர் ஹூவுக்கு வெளிநாட்டு ஸ்டேஷன்களுக்கு வித்த ஃபிலிம் பிரிண்ட்டைத் தேடித் தேடி ஊர் ஊரா போனாங்க, 2013ல நைஜீரியால ஜோஸ்ங்கிற ஊர்ல ஒரு ஸ்டேஷன்ல இருந்து காணாம போன ஒன்பது எபிசோட் கிடைச்சதா அறிவிச்சாங்க. அதைவிட எனக்கு பெரிசா படறது இது, படம் கிடைக்காத எபிசோடு எல்லாத்துக்கும் ஒலி மட்டும் முழுசா இருக்கு, எப்படின்னா அந்தக் காலத்துல வீட்டுல பாத்துட்டு இருந்த சின்னப் பசங்க டிவி ஸ்பீக்கர் பக்கத்துல டேப் ரெக்கார்டரை வெச்சு பதிவு பண்ணியிருக்காங்க. ஒரு பெரிய நிறுவனம் தொலைச்சதை வீட்டுல இருந்த பசங்க காப்பாத்தி வெச்சிருக்காங்க.

இதே வேலையை நம்ம ஊர்லயும் எத்தனை பேர் பண்ணியிருப்பாங்க! வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் வரும்போது டேப் ரெக்கார்டரை டிவி முன்னால வெச்சு, "யாரும் பேசக்கூடாது"ன்னு வீட்டையே மிரட்டி பாட்டு பிடிச்சவங்க இதைப் படிக்கிறவங்கள்ல கண்டிப்பா இருப்பீங்க. உங்களுக்கு அது பாட்டு கேசட். எனக்கு அது ஒளிபரப்பு ஆவணம் சார், ஏன்னா பாட்டு எங்க வேணா கிடைக்கும், பாட்டுக்கு முன்னாடி அறிவிப்பாளர் பேசினது, நடுவுல வந்த விளம்பரம், அடுத்து என்ன நிகழ்ச்சின்னு சொன்னது, இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது.

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியால மேரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு அம்மா இருந்தாங்க, லைப்ரரில வேலை பாத்தவங்க. 1979ல இருந்து 2012 டிசம்பர்ல அவங்க சாகற வரைக்கும் வீட்டுலயே பல விசிஆர் வெச்சு டிவி நியூஸை ராத்திரி பகலா பதிவு பண்ணினாங்க, கிட்டத்தட்ட 70,000 கேசட். உயிரோட இருந்தப்போ வீட்டுக்கு வந்தவங்க இதெல்லாம் எதுக்குன்னு கேட்டிருப்பாங்க, இன்னைக்கு அந்த மொத்தமும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற ஆன்லைன் காப்பகத்துகிட்ட போய் சேந்து ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பொக்கிஷமா ஆயிடுச்சு. நம்மகிட்ட அப்படி ஒருத்தர் வேண்டாம், ஆயிரம் வீட்டுல ஆளுக்கு ரெண்டு கேசட் இருந்தாலே போதும், பாதிக் கதையை மீட்டுடலாம்.

டேப் இல்லாம எப்படி புத்தகம் எழுதினீங்கன்னு கேக்கறவங்களுக்கு, இதுக்கு பதில் உங்களை மாதிரி பேப்பர்காரங்கதான் ஆசிரியர் சார். தினமும் உள்பக்கத்துல ஒரு மூலையில இன்றைய டிவின்னு பொடி எழுத்துல போடுவீங்க பாருங்க, எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி, யாரு பாட்டு, யாரு நாடகம்னு, அந்தக் கட்டம்தான் என் புத்தகத்தோட முதுகெலும்பு. தரமணில ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர்ல கன்னிமாரா, இந்த ரெண்டு இடத்துலயும் பழைய பேப்பர், பத்திரிகைன்னு பக்கம் பக்கமா புரட்டி வயலும் வாழ்வும் என்னைக்கு என்ன பயிரைப் பத்தி பேசினாங்க, செவ்வாய்க்கிழமை நாடகத்துல எந்தக் குழு வந்துச்சுன்னு எல்லாம் அந்தக் கட்டத்துல இருந்துதான் எடுத்தேன். அன்னைக்கு அதை டைப் அடிச்ச சப் எடிட்டருக்கு, கம்போசிங் பண்ணினவருக்கு, இது ஒரு நாள் வரலாறு ஆகும்னு தோணியிருக்காது. அவங்க எல்லாருக்கும் என் நமஸ்காரம்.

ஆனா கட்டத்துல பேரு இருக்கும், குரல் இருக்காதே. ஷோபனா ரவி நியூஸ் படிச்ச உச்சரிப்பை, வரதராஜன் குரலை, ஈரோடு தமிழன்பன் ஒரு கவிஞரா இருந்துகிட்டே செய்தி வாசிச்சதை, எச்.ராமகிருஷ்ணன் உடம்புல இருந்த ஊனத்தை பொருட்படுத்தாம வந்து வாசிச்சதை, இதையெல்லாம் நான் எத்தனை பக்கம் எழுதினாலும் ஒரு நிமிஷ டேப்புக்கு ஈடாகுமா? நேயர் கடிதத்துக்கு பதில் சொல்ற எதிரொலி நிகழ்ச்சிக்கு ஊர் ஊர்ல இருந்து எவ்வளவு போஸ்ட் கார்டு போயிருக்கும், நம்ம மக்கள் டிவியைப் பத்தி என்ன நெனச்சாங்கன்னு அதைவிட நேரடியா சொல்ற சாட்சி எது இருக்கு, அதுல ஒரே ஒரு கார்டுகூட நான் தேடின எந்த இடத்துலயும் கண்ணுல படல.

கலர் வந்த கதை தனி அத்தியாயம். 1982 ஆகஸ்ட் 15ல தேசிய ஒளிபரப்பு ஆரம்பிச்சு, நவம்பர்ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக கலர் டிவி இறக்குமதி வரியையெல்லாம் தளர்த்தினாங்க, துபாய் சிங்கப்பூர்ல இருந்து வந்தவங்க தலைல டிவிப் பெட்டியோட இறங்கினதும் அந்த சமயம்தான். நம்ம நாட்டு சாட்டிலைட் இன்சாட்-1ஏ அந்த செப்டம்பர்லயே செயலிழந்துபோச்சு, 1983 ஆகஸ்ட்ல இன்சாட்-1பி போன பிறகுதான் நிம்மதி, 1984ல தினம் ஒரு டிரான்ஸ்மிட்டர்னு சொல்ற அளவுக்கு நாடு பூரா திறந்தாங்க. நம்ம மெட்ராஸ்லயே டயனோரா, சாலிடேர்னு டிவி தயாரிச்சாங்க, மரப்பெட்டி, ஷட்டர் கதவு, அதுக்கு சாவி வேற. ஆனா தமிழ்நாட்டுல இந்த தேசிய ஒளிபரப்புன்னா என்ன அர்த்தம்? ராத்திரி எட்டரைக்கு மேல டெல்லிக்குப் போயிடும், ஹிந்தி நியூஸ், இங்கிலீஷ் நியூஸ், ஹிந்தி தொடர், நம்ம வீடுகள்ல டிவியை ஆஃப் பண்ணிட்டு சாப்பிட உக்காந்துடுவாங்க. காசு குடுத்து வாங்கின பெட்டியில நல்ல நேரத்துல நம்ம மொழி இல்லைங்கிறது எங்க அப்பா தலைமுறைக்கு நிஜமான வருத்தம். பத்து வருஷம் கழிச்சு தமிழ் சாட்டிலைட் சேனல் வந்ததும் ஜனங்க ஏன் அப்படி ஒரேயடியா தாவினாங்கன்னு கேட்டா, என்னோட பதில் இதுதான், பசி ரொம்ப நாளா இருந்துச்சு.

தென்மாவட்டத்துக்காரங்க கதை இதைவிட வேற. மெட்ராஸ் சிக்னல் அங்க எட்டாது, கொடைக்கானல் மலைல பெரிய டிரான்ஸ்மிட்டர் எண்பதுகளோட பிற்பாதிலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி கடற்கரையோரம் வீடுகள்ல ஓடினது இலங்கையோட ரூபவாஹினி! 1982 பிப்ரவரி 15ல தொடங்கினது, ஜப்பான் உதவில கட்டினது, பிதுருதலாகலை உச்சில இருந்து கடல் தாண்டி வந்து சேந்துச்சு, ஆன்டெனாவை உயரமா கட்டி இலங்கைப் பக்கம் பாத்து திருப்பி வெச்சிருப்பாங்க. கிரிக்கெட்டும் தமிழ்ச் செய்தியும் இலங்கை விளம்பரமும் பாத்து வளந்த ஒரு தலைமுறையே அங்க இருக்கு. தூத்துக்குடில ஒரு அக்கா எனக்கு அந்த விளம்பரப் பாட்டை எல்லாம் ஒரு வரி விடாம பாடிக் காட்டினாங்க. தமிழ்நாட்டு டிவி வரலாறுன்னு சொல்லிட்டு இதை விட்டா அந்த வரலாறு வடக்குல பாதியோட நின்னுடும், அதனால இதுக்கு நிறைய பக்கம் ஒதுக்கியிருக்கேன்.

கேபிள் அத்தியாயம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. டெக்குன்னு சொல்வோமே, அந்த விசிஆரை வாடகைக்கு எடுத்து தெரு பூரா சேந்து ராத்திரி முழுக்க மூணு படம் பாத்த காலம் போய், ஒரே வீட்டுல டெக்கை வெச்சுகிட்டு கம்பி மூலமா அம்பது வீட்டுக்குப் படம் காட்ட ஆரம்பிச்சவங்கதான் முதல் கேபிள்காரங்க. 1991 வளைகுடாப் போர் வந்து சிஎன்என் நேரடியா காட்டவும், அந்தப் பக்கம் ஸ்டார் டிவி வரவும் மொட்டை மாடில எல்லாம் டிஷ் முளைச்சுது. படிப்பு பாதியில நின்ன பசங்கதான் நெறைய பேரு, டிவி ரிப்பேர் தெரிஞ்சவங்க, மாடுலேட்டர் ஆம்ப்ளிஃபையர் எல்லாத்தையும் தானே பிரிச்சு மாட்டி கத்துகிட்டவங்க, தென்னை மரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் கம்பி கட்டி மழைல இடில ஏறி சரி பண்ணினவங்க. 1995ல கேபிள் டிவி சட்டம் வந்ததுக்கு அப்புறம்தான் அரசாங்கம் அவங்களை ஒழுங்குமுறைக்குள்ள கொண்டுவந்துச்சு, அது வரைக்கும் ஒரு பெரிய தொடர்பு அமைப்பையே தன் கையால கட்டிட்டாங்க. அவங்களோட லோக்கல் சேனல் ஞாபகம் இருக்கா? படம் ஓடும்போது கீழ ஒரு பட்டை ஓடும், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல புதுசா திறந்த ஜவுளிக்கடை, மாரியம்மன் கோவில் தீமிதி எந்தத் தேதி, காணாம போன மாடு என்ன நிறம், நாளைக்கு எந்த ஏரியால கரண்ட் இருக்காது, பத்தாவதுல ஊர்லயே முதல் மார்க் வாங்கின பொண்ணுக்கு வாழ்த்துன்னு. ஒரு ஊரோட ஒரு நாளை அதைவிட நல்லா யாரும் பதிவு பண்ணல. அதுல எதாவது ஒரு பட்டை பத்திரமா இருக்கான்னு தேடினேன், ஒரு கல்யாண வீடியோக்காரர்கிட்ட மட்டும் ஒரு விஎச்எஸ் கேசட்ல, படத்தைப் பதிவு பண்ணினப்போ தற்செயலா கூடவே பதிவான கொஞ்ச நிமிஷம் கிடைச்சுது. அதைப் பாத்தப்போ நான் ரொம்ப நெகிழ்ந்துபோயிட்டேன்.

தனியார் சேனல் கதையை நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால சுருக்கமா சொல்றேன். கலாநிதி மாறன் முதல்ல 1990ல பூமாலைன்னு வீடியோ கேசட்ல மாசப் பத்திரிகை கொண்டுவந்தார், அப்புறம் 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு சன் டிவி. ஆரம்பத்துல தினம் சில மணி நேரம்தான். அப்போ இந்தியால இருந்து தனியார் சேனல் நேரா சாட்டிலைட்டுக்கு அனுப்ப அனுமதி கிடையாது, நிகழ்ச்சியை டேப்ல ஏத்தி விமானத்துல வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்துதான் வானத்துக்கு ஏறும். ராஜ், விஜய், ஜெயான்னு அடுத்தடுத்து வந்தாங்க. பூமாலை கேசட் யாராவது பத்திரமா வெச்சிருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, அது கையில கிடைச்சா எனக்குத் தூக்கம் வராது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். டெல்லியில முதல் ஒளிபரப்பு செப்டம்பர் 15ன்னு சொன்னேன்ல, 2006ல அதே செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள், அன்னைக்குத்தான் இங்க இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சாங்க, ஒன்றரைக் கோடிக்கும் மேல வீட்டுக்குப் போச்சு. இதைக் கேலி பண்ணினவங்க நிறைய. நான் அப்படி பாக்கல. அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து டிவி ரூம் வாசல்ல எந்த ஜாதிக்காரங்க உள்ள உக்காரலாம், யாரு வெளிய நின்னு ஜன்னல் வழியா பாக்கணும்னு இருந்த ஊர்களைப் பத்தி எனக்கு அங்க வளந்தவங்களே சொல்லியிருக்காங்க. சொந்த வீட்டுல சொந்தப் பெட்டி வந்தப்போ அந்த ஜன்னல் கதை முடிஞ்சுது. வரலாறு எழுதறவன் இதை எழுதாம போனா அவன் எதுக்கு எழுதறான்?

சரி, இப்போ என்னோட வேண்டுகோள். சென்னை தூர்தர்ஷனுக்கு ஐம்பது வயசு முடிஞ்சாச்சு, அப்போ வேலை பாத்தவங்க எண்பதைத் தாண்டறாங்க, மாசம் ஒருத்தரோட இரங்கல் செய்தி உங்க பேப்பர்லயே வருது. டெல்லியில தூர்தர்ஷன் ஆவணக் காப்பகம் பழசை எல்லாம் டிஜிட்டல் பண்ணி வெளியிடறாங்க, நல்ல விஷயம், ஆனா நம்ம தமிழ் நிகழ்ச்சிகள்ல எது எது மிச்சம் இருக்குன்னு ஒரு பட்டியல், வெறும் பட்டியல் மட்டும் வெளியிட்டாலே என்னை மாதிரி ஆளுங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுடும். தமிழ்நாடு அரசு புத்தகத்துக்கு இவ்வளவு லைப்ரரி கட்டறாங்க, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகம்னு பெருமையா இருக்கு, அதுல ஒரு மாடியை, ஏசி போட்ட ரெண்டு ரூமை, ஒலி ஒளி ஆவணத்துக்குன்னு ஒதுக்கினா போதும். டேப் ஓட்டற மெஷினே இப்போ கிடைக்கறது இல்ல, தெரிஞ்ச டெக்னீஷியன்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க, இன்னும் பத்து வருஷம் கழிச்சு பணம் ஒதுக்கினா ஓட்டறதுக்கு ஆளும் இருக்காது, மெஷினும் இருக்காது.

வாசகர்களுக்கு நான் சொல்றது, பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பரண்ல, பழைய பீரோ அடில விஎச்எஸ் கேசட், ஆடியோ கேசட் கிடைச்சா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுடாதீங்க. அக்கா கல்யாண கேசட்டா இருந்தாலும் பரவால்ல, கல்யாணம் முடிஞ்சு மிச்சம் இருந்த டேப்ல யாராவது டிவியில இருந்து ஏதாவது பதிவு பண்ணியிருப்பாங்க, எனக்கு கிடைச்ச நல்ல பதிவு பலதும் அப்படி கேசட்டோட கடைசில இருந்ததுதான். உள்ள வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா தயவுசெஞ்சு போட்டுப் பாக்காதீங்க, டேப்பும் போகும், பிளேயர் ஹெட்டும் போகும், அதுக்குன்னு சுத்தம் பண்ற முறை தெரிஞ்சவங்க இருக்காங்க. ஸ்பீக்கர் பக்கத்துல, காந்தம் இருக்கிற எதுக்குப் பக்கத்துலயும் வைக்காதீங்க. படுக்க வைக்காம நிக்க வெச்சு, ஈரம் படாத இடத்துல, மேல ஒரு துண்டுச்சீட்டுல எந்த வருஷம், எந்த ஊர்ல, யாரு பதிவு பண்ணினதுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதி ஒட்டுங்க, ஏன்னா பதிவு பண்ணின அப்பாவோ மாமாவோ இருக்கும்போதே கேட்டு எழுதிட்டாதான் உண்டு. பழைய லேபிள் இருந்தா அதைக் கிழிக்காதீங்க, அதுவும் ஆவணம்தான். கேசட் உங்களோடதாவே இருக்கட்டும், டிஜிட்டல் காப்பி எடுத்துட்டு ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்துடுவேன், உங்களுக்கும் ஒரு காப்பி தர்றேன், அனுமதி இல்லாம எதையும் வெளிய விட மாட்டேன்.

ஆசிரியர் சார், உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். உங்க ஆபீஸ் போட்டோ பிரிவுல ஸ்டுடியோ திறப்பு விழா, நாடக ரிகர்சல், ஆசிய விளையாட்டு சமயத்துல டிவி கடை வாசல்ல நின்ன கூட்டம்னு நெகட்டிவ் கண்டிப்பா இருக்கும். ஒரு நாள் உக்காந்து பாக்க அனுமதி குடுங்க, எந்த பெட்டில என்ன இருக்குன்னு நானே பட்டியல் போட்டு உங்க ஆளுங்க கையில குடுத்துடறேன். ரெண்டாம் பதிப்பு வரும்போது அந்தப் படங்களை உங்க பேப்பர் பேரோட போடணும்னு ஆசை. என் முகவரியும் போன் நம்பரும் உங்க ஆபீஸ்ல குடுத்திருக்கேன், கேசட் வெச்சிருக்கிற வாசகர்கள் உங்க மூலமா எழுதினா எந்த ஊரா இருந்தாலும் நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
சென்னை